சீனன்குடா வானில் மெய்யும் பொய்யும்

1942 ஏப்ரல் 9 காலை. திருகோணமலையருகே எலிசபெத் முனையில் நிறுத்தியிருந்த ராடார், சுமார் 90 மைலுக்கு அப்பாலேயே ஒரு பெருங்கூட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டது. கடற்படைத் தளபதி நாகுமோவின் கப்பல்களிலிருந்து கிளம்பிய 132 ஜப்பானிய விமானங்கள் அவை. சீனன்குடா ஓடுதளத்திலிருந்து ஹரிக்கேன்கள் எழும்பிப் போராடின. ஆனாலும் குடா தப்பவில்லை. எண்ணெய்க்குதம் ஒன்று நாட்கணக்கில் எரிந்தது. குறை ராடாரில் இல்லை, ஆள்பலத்தில். திரையில் விழுந்த புள்ளிகள் அத்தனையும் மெய்யான விமானங்கள்.

அந்த நிம்மதி அதிக நாள் நீடிக்கவில்லை. 1943 ஜூலையில் ஹம்பர்க்கைத் தாக்கப்போன பிரித்தானியர், அலுமினியம் ஒட்டிய காகித நறுக்குகளை வானில் அள்ளித் தூவினார்கள். ராடார் அலைநீளத்தில் பாதியளவாக வெட்டிய நறுக்குகள்! ஜெர்மன் திரைகள் பொய்ப் புள்ளிகளால் நிறைந்துபோயின.

பிறகு பொய்க்கே இறக்கை முளைத்தது. அமெரிக்காவின் பி-52 குண்டுவீச்சு விமானம் சுமந்து சென்ற 'குவெய்ல்' ஒரு சின்ன ஜெட்தான். ராடாருக்கோ அது இன்னொரு பி-52. ஆனால் இந்த வித்தையின் முழுப் பயனை 1982 ஜூனில் லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கில்தான் உலகம் பார்த்தது. இஸ்ரேல் போலி விமானங்களை முன்னே அனுப்பியது. சிரியப் படை ராடார்களை முடுக்கி ஏவுகணைகளைச் செலவழித்தது. முடுக்கிய ராடார் தன் இருப்பிடத்தைத் தானே சொல்லிவிடும் அல்லவா? அசல் விமானங்கள் அந்த இடங்களையே அடித்தன. ஏவுகணையை வீணாக்குவதைவிட, ஒளிந்திருப்பவனை வாய் திறக்க வைப்பதுதான் போலியின் பெரிய வேலை. இன்றைய அமெரிக்கப் போலியான 'மால்ட்' 150 கிலோகூட இல்லை. சுமார் 900 கிலோமீற்றர் பறக்கும், வேண்டிய விமானத்தின் சாயலை ராடாருக்குக் காட்டும்.

நம் வானம் பார்த்தது இதன் எளிய தம்பியை. 1995 ஏப்ரலில் பலாலிப் பக்கம் இரண்டு அவ்ரோ விமானங்கள் ஏவுகணைக்கு இரையானபின், வெப்பம் தேடிவரும் ஏவுகணையைத் திசைதிருப்பும் தீச்சுடர்களை உதிர்த்தபடி பறப்பது விமானப்படைக்கு வழக்கமாயிற்று.

சீனன்குடாவில் இன்று விமானப்படைக் கல்விக்கழகம் இருக்கிறது. பக்கத்திலேயே 99 எண்ணெய்க்குதங்கள். 61ஐ இலங்கையும் இந்தியாவும் கூட்டாகச் சீர்செய்ய 2022 ஜனவரியில் உடன்பாடானது. அவற்றைக் காக்க ராடாரும் போதிய ஆள்பலமும் இருந்தால் போதும் என்பது 1942இன் கணக்கு. திரையில் தெரிவதில் எது மெய் என்று பிரித்தறியும் ஆட்களும் கருவியும் இல்லாவிட்டால், இன்று அந்தக் கணக்கு உதவாது.