பேரங்காடியும் பற்றுக் கணக்கும்

பண்ருட்டி என்றவுடன் பலாவும் முந்திரியும் நினைவிற்கு வருவது இயல்பு. கெடிலத்தின் கரையிலுள்ள இந்நகரம் சுற்றுப்புறக் கிராமங்களின் விளைபொருள்கள் விலையாகும் இடம் மட்டுமன்று. அக்கிராமத்தார் தமக்கு வேண்டிய மளிகைச் சாமான்களை வாங்கிச் செல்லும் இடமுமாகும். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி நகராட்சியில் வாழ்வோர் 60,323 பேர். எனினும், காலைப் பேருந்தில் வந்து மாலையில் திரும்பும் கிராமவாசிகளையும் சேர்த்தே இதன் கடைத்தெருவை மதிப்பிடுதல் வேண்டும்.

இத்தகைய நகரங்களில் தள்ளுபடி விலையில் விற்கும் பேரங்காடி ஒன்று திறக்கப்படுமாயின், மக்கள் மனத்தில் மகிழ்ச்சியும் கலக்கமும் ஒருங்கே எழுகின்றன. மகிழ்பவர் வாங்குவோர், கலங்குபவர் வணிகர் என்று பிரித்துவிடுவது எளிது. உண்மை அவ்வாறன்று. ஒரே வீட்டில், ஒரே குடும்பத் தலைவியின் உள்ளத்திலேயே இவ்விரு எண்ணங்களும் இருப்பதைக் காணலாம். இதற்குரிய காரணத்தை அறிய, தள்ளுபடி எவ்வாறு பிறக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிப்பமாகக் கட்டிய பொருள்களின்மேல் அதிகபட்ச சில்லறை விலை அச்சிடப்பட்டிருப்பதை யாவரும் அறிவர். அதற்கு மேல் விற்பது குற்றம்; குறைத்து விற்பதற்குத் தடையில்லை. சிறு கடைக்காரர் இரண்டு மூன்று கைகள் மாறி வந்த சரக்கை வாங்குகிறார். பேரங்காடியோ உற்பத்தியாளரிடமிருந்தே மொத்தமாகக் கொள்முதல் செய்கிறது. இடையிலுள்ளோரின் கழிவு மிச்சமாகிறது. மேலும், பெரிய நிறுவனங்கள் தாம் வாங்கிய சரக்கிற்குச் சில வாரங்கள் கழித்தே பணம் தருவது வழக்கம். அதற்குள் அச்சரக்கு ரொக்கத்திற்கு விற்றுப்போகிறது. பிறர் பணத்தில் வியாபாரம் நடக்கிறது என்று இதனைச் சொன்னால் தவறாகாது. வாங்குவோரே தட்டுகளிலிருந்து பொருளை எடுத்துக்கொள்ளும் முறையால் ஆள் செலவும் குறைகிறது. அமெரிக்காவில் மெம்பிஸ் நகரில் 1916-ஆம் ஆண்டு தொடங்கிய 'பிக்லி விக்லி' என்னும் கடையே இம்முறையைப் பரப்பியது.

இவையனைத்தும் நேர்மையான சிக்கனங்களே. ஆயின் இன்னொரு வழியும் உண்டு. எல்லாரும் விலையறிந்த இரண்டொரு பொருள்களை, சர்க்கரை, எண்ணெய் போன்றவற்றை, அடக்க விலைக்கே விற்று ஆட்களை உள்ளே அழைத்து, விலையறியாத பத்துப் பொருள்களில் அவ்விழப்பை ஈடுகட்டுவது அது. அன்றியும், சிப்பங்கள் குறிப்பிட்ட அளவுகளில்தான் இருக்க வேண்டும் என்று சில பொருள்களுக்கு இருந்த கட்டாயத்தை 2021-ஆம் ஆண்டில் வந்த விதித்திருத்தம் நீக்கிவிட்டது. அதற்கு ஈடாக, ஒரு கிராமிற்கு அல்லது ஒரு கிலோவிற்கு என்ன விலை என்பதைச் சிப்பத்தின்மேல் அச்சிட வேண்டுமென்று அதே திருத்தம் விதித்தது. தாய்மார்கள் பார்க்க வேண்டியது பெரிய எழுத்திலுள்ள தள்ளுபடியை அன்று. சிறிய எழுத்திலுள்ள இவ்வலகு விலையையே. எண்ணெய் வாங்கும்போது லிட்டரா கிராமா என்பதையும் கவனிக்க வேண்டும். எண்ணெய் நீரினும் இலேசானதாதலால் ஒரு லிட்டர் சமையல் எண்ணெயின் எடை ஏறத்தாழ 910 கிராமே ஆகும்.

இனி மறுபுறத்தைக் காண்போம்.

பண்ருட்டி வட்டாரத்து வருமானம் ஆண்டு முழுவதும் சீராக வருவதன்று. முந்திரியும் பலாவும் பங்குனி முதல் ஆனி வரையில் பணம் கொண்டுவரும். முந்திரிக்கொட்டை உடைக்கும் தொழிலாளிக்கு வேலை உள்ள நாளில் கூலி. இல்லாத நாளில் இல்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கையில் காசு இராது. வயிறோ மழையை அறியாது. அந்நாளில் தெருமுனைக் கடைக்குச் சென்று, "இதையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள், அண்ணாச்சி" என்று கூறிச் சாமான் வாங்கி வரும் வழக்கமே பல குடும்பங்களை நடத்திச் செல்கிறது. பற்றுக் கணக்கு என்னும் அப்பழைய நோட்டுப் புத்தகத்திற்குப் பேரங்காடியில் இடமில்லை. அங்கே கடன் வேண்டுவோர்க்கு வங்கியின் கடன் அட்டை வேண்டும். நாட்கூலி பெறும் தொழிலாளிக்கு அதை யார் தருவார்?

இது ஒரு சிறு கணக்கு. ஒரு குடும்பம் மாதந்தோறும் 3,000 ரூபாய்க்கு மளிகை வாங்குவதாகவும், பேரங்காடியில் நூற்றுக்கு ஆறு வீதம் குறைவதாகவும் கொள்வோம். மிச்சம் 180 ரூபாய். மழைக்காலத்தில் தெருக்கடையும் இல்லாமற் போய், அதே 3,000 ரூபாயை மாதம் நூற்றுக்கு ஐந்து வட்டிக்குத் தனியாரிடம் வாங்கி இரண்டு மாதம் கழித்துத் தீர்த்தால், வட்டி மட்டும் 300 ரூபாய் ஆகும். ஒரு மாத மிச்சமும் போய், அடுத்த மாத மிச்சத்திலும் பெரும்பகுதி போயிற்று.

இதனால் தெருக்கடைக்காரர் தருமம் செய்கிறார் என்று கொள்ள வேண்டியதில்லை. அவர் கடனுக்கான வட்டியை விலையிலேயே சேர்த்துத்தான் விற்கிறார். எடையில் குறைப்பவர்களும், நோட்டில் ஒரு வரி கூட்டி எழுதுபவர்களும் இல்லாமலில்லை. கடன்பட்டவர் தரம் பார்த்துக் கேட்க முடிவதில்லை. பேரங்காடியிலோ பருப்பைத் திருப்பிப் பார்த்து வைத்துவிட்டு வரலாம், முகம் சுளிப்பார் யாருமில்லை. இந்தச் சுதந்திரத்தைப் பெண்கள் பெரிதும் மதிக்கிறார்கள். 2021-ஆம் ஆண்டு மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் அளிக்கப்பட்ட பின்னர், நகரத்திற்குச் சென்று வாங்குவது அவர்களுக்கு எளிதாகியும் விட்டது.

ஆனால் 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் விடியலில் வீசிய 'தானே' புயலை இவ்வட்டாரத்தார் மறந்திருக்க மாட்டார்கள். தலைமுறைகளாகக் காய்த்த பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் வேரோடு சாய்ந்தன. முந்திரி ஒட்டுச்செடி பலன் தர மூன்று ஆண்டுகளேனும் ஆகும். பலாவிற்கு இன்னும் கூடுதல். அத்தகைய ஆண்டுகளில் ரொக்கத்திற்கு மட்டுமே விற்கும் கடையின் தள்ளுபடி யாருக்குப் பயன்படும் என்பதே கேள்வி.

சிறு கடைகள் அழிந்தே போகுமா? பன்னாட்டுப் பொருளாதார உறவுகள் பற்றிய இந்திய ஆராய்ச்சி மன்றம் 2008-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, பேரங்காடிகளுக்கு அருகிலுள்ள சிறு கடைகளின் விற்பனையும் இலாபமும் முதற்சில ஆண்டுகளில் குறைந்தன என்றும், காலப்போக்கில் அப்பாதிப்புத் தணிந்தது என்றும் கண்டது. ஆண்டிற்கு நூற்றுக்கு 4.2 வீதம் சிறு கடைகள் மூடப்பட்டன. அவற்றுள் பேரங்காடிப் போட்டியால் மூடப்பட்டவை 1.7 வீதமே. குறைந்த வருமானமுடையோர்க்கு மிச்சம் கூடுதலாகக் கிடைத்தது என்றும் அவ்வாய்வு கூறியது. ஆகவே பேரச்சத்திற்கு இடமில்லை எனலாம். எனினும் அவ்வாய்வு பெரும்பாலும் பெருநகரங்களைப் பற்றியது. வாங்குவோர் தொகை பெருகிவரும் சென்னையில் தணிந்த பாதிப்பு, அறுபதாயிரம் பேருள்ள ஊரிலும் அவ்வாறே தணியும் என்று உறுதி கூறுவது கடினம்.

வேறொரு செய்தியையும் இங்கு நினைவுகூர வேண்டும். 1997-இல் சென்னைத் திருவான்மியூரில் தொடங்கிய 'சுபிக்ஷா' என்னும் தள்ளுபடிக் கடை, ஆடம்பரமின்றிக் குறைந்த விலைக்கு மளிகையும் மருந்தும் விற்று மக்களிடம் நல்ல பெயர் பெற்றது. நாடெங்கும் ஏறத்தாழ 1,600 கிளைகளாகப் பெருகிய அது, 2009-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பணமுடையால் அடியோடு மூடப்பட்டது. ஊழியர் சம்பளமும் சரக்களித்தோர் பாக்கியும் நின்றன. தெருக்கடை ஒன்று நொடித்தால் அடுத்த தெருவில் ஒன்று இருக்கும். ஊரே ஒரு கடையை நம்பியிருந்து, அதன் வரவு செலவு வேறெங்கோ தீர்மானிக்கப்படுமாயின் நிலைமை வேறு.

பேரங்காடி வேலை தருகிறது என்பதும் மெய்யே. கிராமத்துப் பெண்கள் பலருக்கு அது நிழலிலுள்ள முதல் மாதச் சம்பளம். ஆனால் நாள் முழுதும் நின்றே பணி செய்ய வேண்டியிருந்தமையால், கடை ஊழியர்க்கு இருக்கை அளிக்க வேண்டுமெனத் தமிழ்நாட்டில் 2021-ஆம் ஆண்டு சட்டம் திருத்தப்பட்டது. தம் பெண்கள் வேலை செய்யும் கடையில் இருக்கை உண்டா என்று பெற்றோர் கேட்டறிவது நன்று.

சட்டத்தால் இவற்றைத் தடுக்கலாகாதா எனச் சிலர் கேட்பதுண்டு. 2012-ஆம் ஆண்டில் மத்திய அரசு பலபொருள் சில்லறை வணிகத்தில் 51 விழுக்காடு வரை அந்நிய முதலீட்டை அனுமதித்தபோது, பொதுவாகப் பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட மக்களுள்ள நகரங்களுக்கே என்று வரம்பிட்டு, முடிவை மாநிலங்களுக்கு விட்டது. தமிழ்நாடு அரசு அதனை ஏற்கவில்லை. ஆனால் இவ்வரம்பு அந்நிய முதலீட்டிற்கே உரியது. உள்நாட்டு நிறுவனம் எந்தச் சிற்றூரிலும் கடை திறக்கலாம். பிரான்ஸ் நாட்டில் 1973-இல் இயற்றிய சட்டம், 40,000-க்குக் குறைந்த மக்களுள்ள ஊரில் 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைக்குத் தனி அனுமதி வேண்டுமென்றது. அங்கும் பேரங்காடிகள் பெருகாமலில்லை.

தடுப்பதினும் தக்க வழி ஒன்றுண்டு, அது புதியதன்று. 1844-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளரும் பிற தொழிலாளருமாக 28 பேர் கூடிக் கூட்டுறவுக் கடை நிறுவினர். அவர்களும் கடன் தரவில்லை, ரொக்கத்திற்கே விற்றனர். ஆனால் விலையை அங்காடி விலையிலேயே வைத்து, மிஞ்சிய இலாபத்தை அவரவர் வாங்கிய அளவிற்கேற்பப் பின்னர்த் திருப்பித் தந்தனர். தள்ளுபடியை அன்றே கையில் கொடாமல், சேமித்துக் கொடுத்தனர் என்க. 1904-இல் தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் இவ்வழியில் வந்ததே.

நம் கிராமங்களில் இன்று மகளிர் சுய உதவிக் குழுக்கள் உள்ளன; சிறு சேமிப்பும் உட்கடனும் அவற்றிற்குப் பழக்கமானவை. நியாயவிலைக் கடையில் அரிசி 2011 ஜூன் முதல் விலையின்றிக் கிடைத்து வருவதால், மீதமுள்ள பருப்பு, புளி, மிளகாய், எண்ணெய், சோப்பு ஆகியவற்றையே விலைக்கு வாங்க வேண்டியுள்ளது. இருபது குடும்பங்கள் சேர்ந்து மொத்த வணிகரிடமோ பேரங்காடியிலோ இவற்றை மூட்டையாக வாங்கிப் பகிர்ந்துகொண்டு, மிச்சமாகும் தொகையைக் குழுவின் கணக்கில் போட்டுவரின், பங்குனியிலும் சித்திரையிலும் முந்திரிப் பணத்தில் சேர்ந்த மிச்சம் கார்த்திகையில் கடனாகவோ பங்காகவோ கைக்கு வரும். சிறு கடைக்காரர்களும் பத்துப் பேர் கூடி ஒன்றாகக் கொள்முதல் செய்தால், பேரங்காடிக்குக் கிடைக்கும் கழிவில் ஒரு பகுதி அவர்களுக்கும் கிட்டும். நோட்டுப் புத்தகமும் கடையில் இருக்கும்.

இறுதியாக, விளைவிப்போர் பக்கம். பேரங்காடியின் தட்டில் பதினைந்து கிலோப் பலாப்பழத்தை எங்ஙனம் வைப்பது என்பது வேடிக்கையான கேள்வியன்று. தட்டிப் பார்த்து ஒலியால் பதமறியும் கலை, விலைச்சீட்டு ஒட்டுபவருக்கு வராது. அங்கே சுளைகளாகப் பிரித்துச் சிறு பெட்டியில் அடைத்தே விற்பார்கள். அச்சுளையைப் பிரித்து அடைக்கும் வேலை வேறெங்கோ நடைபெறுமா, பண்ருட்டிப் பெண்களின் கையில் நடைபெறுமா என்பதைக் கடை திறக்கும் நாளிலேயே ஊரார் கேட்கலாம். முந்திரிப் பருப்புச் சிப்பத்திற்கும் இதே கேள்வி பொருந்தும்.