எந்தத் தூசி?

கத்தியால் குத்துண்டவன் நீதிமன்றத்தில் காயத்தையும் காட்டலாம், கத்தியையும் காட்டலாம். தொழிற்சாலைத் தூசியால் நுரையீரல் கெட்டவன் எதைக் காட்டுவான்? நோய் தலைகாட்டுவது பல்லாண்டுகள் கழித்து. அதற்குள் அவன் வேலை மாறியிருப்பான். முதலாளியின் நிறுவனமே மறைந்திருக்கவும் கூடும். ஆயினும், நோய்க்குக் காரணம் இன்னதென மெய்ப்பிக்கும் பொறுப்பு அவனையே சார்ந்தது. மாணவ நண்பர்களே, இம்முடிச்சைப் பிரிட்டனின் பிரபுக்கள் சபை அவிழ்த்த இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன்.

முதலாவது, எஃகு வார்ப்படப் பட்டறையில் எட்டாண்டுகள் உழைத்த ஒருவருடையது. அங்கே சிலிக்காத் தூசி இரு வழிகளில் எழுந்தது. காற்றழுத்தச் சுத்தியலிலிருந்து வந்ததே மிகுதி. அதைத் தடுக்கும் வழி அக்காலத்தில் அறியப்படவில்லை. எனவே அது முதலாளியின் குற்றமன்று. சாணை எந்திரத்திலிருந்து வந்தது குறைவே. ஆனால், அதனை உறிஞ்சி வெளியேற்ற வேண்டிய குழாய்கள் அடைபட்டுக் கிடந்தன. அது குற்றம். இவ்விரண்டில் எது நோயைத் தந்தது?

அப்படிக் கேட்பதே பிழை என்று 1956இல் ரீட் பிரபு கண்டார். இந்நோய் சிறுகச் சிறுகச் சேரும் தூசியால் வருவது. இரண்டு தூசியும் சேர்ந்தே கெடுத்தன. குற்றமான தூசியின் பங்கு அற்பமென்று தள்ள முடியாததாயின் அதுவே போதும். தொழிலாளி வென்றார்.

இரண்டாவது வழக்கு இன்னும் கடினம். கல்நார் இழைகளால், நுரையீரலைப் போர்த்திய உறையில் மீசோதீலியோமா என்னும் புற்றுநோய் தோன்றுகிறது. பல முதலாளிகளிடம் உழைத்தவருக்கு, யாரிடம் சுவாசித்த இழை நோயை விளைத்தது என்பதை மருத்துவ நூலால் கூற இயலவில்லை. குற்றவாளி ஒருவனாயின் அகப்படுவான்; பலராயின் அனைவரும் தப்புவர்! கீழ் நீதிமன்றம் அவ்வாறே வழக்கைத் தள்ளியது. 2002இல் பிரபுக்கள் சபை அதை மாற்றியது: ஒவ்வொருவரும் நோய்வரும் அபாயத்தைக் கணிசமாகப் பெருக்கினர், எனவே ஒவ்வொருவரும் பொறுப்பாளியே. தருக்கநூல் ஆசிரியர் இவ்விடைக்கு மதிப்பெண் தரமாட்டார், நான் தருவேன்.

2006இல் அதே சபை, ஒவ்வொருவரும் தத்தம் பங்கை மட்டும் செலுத்தினால் போதுமென்றது. மறைந்துபோன நிறுவனத்தின் பங்கு நோயாளியின் தலையில் விழுந்தது. அவ்வாண்டிலேயே பாராளுமன்றம் சட்டமியற்றி, இந்நோய்க்குரிய இழப்பீடு முழுவதையும் பொறுப்பாளிகளுள் எவரிடமிருந்தும் பெறலாமென்று ஆக்கியது.