சர்க்கரை நோயும் கண்ணொளியும்

சர்க்கரை வியாதி செல்வருக்கே உரியது, வெயிலில் உழைப்பவனை அது அண்டாது என்று ஒரு காலத்தில் நம் கிராமத்தார் எண்ணியிருந்தனர். அவ்வெண்ணம் இன்று செல்லாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டென்றும், தமிழ்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு மேல் இது காணப்படுகிறதென்றும் மதிப்பிட்டுள்ளது. உலகளவிலோ 2021ஆம் ஆண்டிலேயே இத்தொகை 53 கோடியைத் தாண்டிவிட்டது.

இந்நோய் கண்ணைக் கெடுக்கும் விதத்தைக் குடியானவர் எளிதில் அறிந்துகொள்ளலாம். விழியின் உட்புறத்தே விழித்திரை என்னும் மெல்லிய படலம் உள்ளது. அதற்கு ஊட்டமளிப்பவை மயிரினும் நுண்ணிய இரத்தக் குழாய்கள். இரத்தத்தில் சர்க்கரை பல்லாண்டுகள் மிகுந்திருப்பின், கரை அரித்த வாய்க்காலில் நீர் கசிவதுபோல் அக்குழாய்களினின்று நீரும் கொழுப்பும் கசியும். சில குழாய்கள் அடைபட்டும் போகும். அடைபட்ட இடத்திற்கு ஈடாகப் புதிய குழாய்கள் முளைக்கின்றன. ஆனால் அவை வலுவற்றவை. திடீரென உடைந்து விழிக்குள்ளே இரத்தம் பெருகும். நேற்றுவரை நன்றாகப் பார்த்தவர் இன்று இருளில் தடுமாற நேர்வது இதனாலேயே.

வலியில்லை, சிவப்பில்லை, நீர் வடிதலுமில்லை. தொடக்கத்தில் பார்வையும் குன்றுவதில்லை. இதுவே இந்நோயின் பெருங்கேடு என்பது நம் கருத்து. பார்வை மங்கத் தொடங்கியபின் "வயதாகிவிட்டது, புரை விழுந்திருக்கும், அறுவடை முடியட்டும்" என்று ஒத்திப்போடுவோர் பலர். புரையாயின் காத்திருந்தும் அறுவையால் பார்வை பெறலாம். விழித்திரை அழிந்தாலோ இழந்த பார்வை பெரும்பாலும் மீளாது. காலத்தில் கண்டால் லேசர் ஒளியாலும், விழிக்குள் இடும் ஊசி மருந்தாலும், தேவைப்படின் அறுவையாலும் எஞ்சிய பார்வையைக் காக்க முடியும்.

சிவகங்கை மாவட்டத்துச் சாக்கோட்டை ஒன்றியத்தை எடுத்துக்கொள்வோம் (கும்பகோணத்தருகே உள்ள சாக்கோட்டை வேறு). கண்மாய் நீரையும் வானத்தையும் நம்பி வாழும் ஊர்கள் இங்கு மிகுதி. காரைக்குடி அண்மையிலுள்ளது, மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976ஆம் ஆண்டில் பதினொரு படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்று உலகறிந்த நிலையமாக வளர்ந்துள்ளது. ஆகவே மருத்துவம் எட்டாத தொலைவில் இல்லை. குறை, நோயாளி தாமாகப் புறப்படாமையே.

2021ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டு வாயிலுக்கே வருகிறது. இது பெரிய நன்மை. எனினும் மாத்திரை வந்துவிட்டதால் எல்லாம் முடிந்ததென எண்ணலாகாது. விழித்திரையைப் பார்ப்பது வேறு வேலை; அது வீட்டுவாசலில் நடவாது. நோய் தெரிந்தவுடன் ஒருமுறையும், பின்னர் ஆண்டுக்கொருமுறையும் கண்ணைக் காட்டவேண்டும். இந்நோயுள்ள பெண் கருவுற்றால் தாமதமின்றிக் காட்டுவது அவசியம்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் செய்யத்தக்கது ஒன்றுண்டு. மாத்திரை பெறுவோர் யாவர் என்பது ஊர்ச் சுகாதாரப் பணியாளருக்குத் தெரியும். அவர்களுள் ஓராண்டாகக் கண் காட்டாதோரைக் கிராம சபை கூடும் நாளில் நேரில் விசாரித்து, ஒரே நாளில் ஒரே வண்டியில் அனுப்பலாம். பரிசோதனைக்காகப் பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விடுவதால் சில மணி நேரம் பார்வை கூசும். அந்நிலையில் மோட்டார் சைக்கிள் ஓட்டித் திரும்புதல் ஆபத்து. தனியே சென்றால் ஒரு நாள் கூலியும் போய், துணைக்கு வருபவர் கூலியும் போகுமே என்று தயங்குவோருக்கு இவ்வண்டி பேருதவியாகும். போகும்போது மாத்திரைச் சீட்டையும், கடைசியாகப் பார்த்த இரத்தச் சர்க்கரை அளவையும், இரத்த அழுத்தக் கணக்கையும் கையோடு கொண்டுசெல்லச் சொல்லவேண்டும்.