வடசென்னையில் மாணவர் தன்னார்வலர்களும் மக்கள் நலவாழ்வுப் பணியாளர்களும்

இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் எனத் தொடரும் வடசென்னைக் கடலோரத்தில் துறைமுகங்கள், ஆலைகள், அனல்மின் நிலையங்கள் ஆகியவற்றை ஒட்டியே மீனவர் குப்பங்களும் தொழிலாளர் குடியிருப்புகளும் அமைந்துள்ளன. அரசு ஸ்டான்லி மருத்துவமனை இப்பகுதியில்தான் இருக்கிறது. எனவே மருத்துவமனை இல்லை என்பது இங்குள்ள குறை அன்று. நோய் கண்டறியப்பட்டவர் இரண்டாம் மாதமோ மூன்றாம் மாதமோ மருந்தை நிறுத்திவிடுவதே பெரிய சிக்கல். மாணவர் தன்னார்வலர்கள் உதவக்கூடிய இடமும் அதுவே.

பின்னணி

வீடு தேடிச் செல்லும் மருத்துவம் சென்னைக்குப் புதிதன்று. 1956இல் இந்நகரில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், நெருக்கடியான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளுக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்து ஆராய்ந்தது. விடுதி மருத்துவமனையில் தங்கியவர்களுக்கு இணையாக அவர்களும் குணமடைவதை 1959இல் வெளியான முடிவுகள் காட்டின. மாத்திரையின் பங்கு இதில் பாதிதான். முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று மீதி மாத்திரைகளை எண்ணிப் பார்த்த பணியாளர்களின் பங்கும் பெரிது.

2020 மே மாதத்தில் சென்னையில் கொரோனா தொற்று மிகுதியாக இருந்த மண்டலம் இராயபுரம். அப்போது களப்பணியாளர்கள் தெருத்தெருவாகச் சென்று காய்ச்சல் கணக்கெடுப்பு நடத்தினர். 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கு வந்து இரத்த அழுத்தம், சர்க்கரை அளவு ஆகியவற்றைப் பார்க்கின்றனர். தொடர் மருந்துகளையும் தருகின்றனர்.

பணிப் பங்கீடு

எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார், யார் மாத்திரையை வாங்கி வைத்துவிட்டுச் சாப்பிடாமல் இருக்கிறார் என்பதைத் தெருவை அறிந்த பணியாளரே அறிவார். மருந்து கொடுப்பதும் அளவை மாற்றுவதும் மாணவர் வேலை அல்ல. அவர்களின் உதவி வேறு வகையானது. முதியவருடன் மருத்துவமனைக்குச் சென்று சீட்டுப் பதிந்து, மருத்துவர் சொன்னதைத் தாளில் தெளிவாக எழுதிக் கொடுக்கலாம். இந்தி, ஒடியா, வங்காளம் பேசும் தொழிலாளர்களுக்கு அந்த மொழி தெரிந்த மாணவர் துணை நிற்கலாம்.

நேரமும் முக்கியம். காலை பதினொரு மணிக்குக் கதவைத் தட்டினால் பெரும்பாலும் பெண்களையும் முதியோரையும்தான் பார்க்க முடியும். விசைப்படகில் சென்றவர் கரைக்கு வரப் பல நாட்கள் ஆகலாம். ஷிப்டு முடித்தவர் தூங்கிக்கொண்டிருப்பார். மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ வரக்கூடிய மாணவர்கள் இந்த ஆண்களைச் சந்திக்க வாய்ப்பு அதிகம். பார்த்த அளவு 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் நோயாளியை அச்சுறுத்தாமல், மறு அளவீட்டுக்காகப் பணியாளரிடம் தெரிவிப்பதே முறை.

எண்ணூரில் மற்றொரு தேவையும் உண்டு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய்ப் படலம் கழிமுகத்தில் பரவியது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். இத்தகைய நேரங்களில் நடக்கும் முகாம்கள் சில நாட்களில் முடிந்துவிடும். இருமலும் கண் எரிச்சலும் முகாமுடன் முடிவதில்லை. யாருக்கு, எந்தத் தெருவில், எந்த நாளிலிருந்து என்ற பதிவு இருந்தால்தான் பின்னர் மருத்துவரிடமோ அதிகாரியிடமோ பேச முடியும்.

வரம்புகள்

நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் பணியாற்ற வேண்டும். சிறப்பு முகாம் ஏழு நாட்கள். இரத்த அழுத்த நோயாளிக்கோ வாழ்நாள் முழுதும் மருந்து தேவை. ஆகவே முகாமுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கு பத்திரிகைச் செய்திக்கு உதவலாம். ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் மருந்தைத் தொடர்கிறார்கள் என்பதே பயனுள்ள கணக்கு. காசநோய் போன்றவற்றில் பக்கத்து வீட்டுக்குச் செய்தி கசிந்தாலே நோயாளி மருந்து வாங்க வருவதை நிறுத்திவிடக்கூடும். எனவே பெயர்ப் பட்டியல் மாணவர்களின் கைப்பேசியில் தங்கக் கூடாது. தேர்வு தொடங்குமுன் குறிப்பேடு பணியாளரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். அடுத்து வரும் மாணவரை அந்த வீடுகளுக்கு அவரே அழைத்துச் சென்று அறிமுகம் செய்வார்.