பார்வை மறுவாழ்வு: கேரள எல்லைத் தமிழர்களுக்கு எட்டாத உரிமை

புது தில்லி: "இதற்கு மேல் மருந்தும் இல்லை, அறுவைச் சிகிச்சையும் இல்லை" என்று கண் மருத்துவர் கூறும் இடத்தில் சிகிச்சை முடிகிறது. மறுவாழ்வுப் பணி தொடங்க வேண்டிய இடமும் அதுவே. ஆனால், கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்ட எல்லைப் பகுதிகளில் வாழும் தமிழர்களுக்கு, சரியாக அந்த இடத்தில் மாநில எல்லை குறுக்கிடுகிறது. நோயைக் கண்டறியும் மருத்துவமனை பெரும்பாலும் ஒரு மாநிலத்தில். சான்றிதழும் உதவித்தொகையும் பயிற்சியும் தர வேண்டிய அலுவலகம் மற்றொரு மாநிலத்தில். இரண்டுக்கும் நடுவே நோயாளி நிற்கிறார்.

1956 நவம்பர் 1-இல் மொழிவாரி மாநிலங்கள் உருவானபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்துடன் சேர்ந்ததும், அதை எதிர்த்து எழுந்த போராட்டமும் தமிழர்கள் நன்கறிந்த வரலாறு. பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் வட்டாரங்களிலும், இடுக்கியில் மூணாறு, மறையூர், வட்டவடை, குமுளி வட்டாரங்களிலும் தமிழ் பேசுவோர் பெருமளவில் வாழ்கின்றனர். கண்ணில் கோளாறு என்றால் பாலக்காட்டின் கிழக்குப் பகுதியினர் பலரும் கோவைக்குச் செல்கின்றனர். இடுக்கி மலைப் பகுதியினர் தேனிக்கும் மதுரைக்கும் இறங்குகின்றனர். 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை 1985-இல் தேனியிலும் 1997-இல் கோவையிலும் கிளை கண்டது, இந்த மக்களுக்கு வாய்த்த நற்பேறு.

கண்புரை என்றால் இந்த ஏற்பாடு போதும். அறுவைச் சிகிச்சை முடிந்து பார்வையுடன் ஊர் திரும்பலாம். மீளாத சிதைவு நோய்களில்தான் சிக்கல் தொடங்குகிறது.

எழுத்து தெரியும், வழி தெரியாது

விழித்திரை நிறமிச் சிதைவு எனப்படும் பரம்பரை நோய் உலக அளவில் ஏறத்தாழ 4,000 பேரில் ஒருவருக்கு உள்ளது. நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் வழக்கமுள்ள சமூகங்களில் இதன் வாய்ப்பு கூடுகிறது. முதலில் மாலைக்கண்ணாகத் தோன்றும். பிறகு பார்வையின் ஓரங்கள் கருகிக்கொண்டே வந்து, இறுதியில் குழாய் வழியே பார்ப்பது போன்ற நிலை ஏற்படும்.

இந்நோயாளி ஒருவரால் மருத்துவமனைச் சுவரில் உள்ள எழுத்துப் பலகையின் கடைசி வரியைக்கூடப் படித்துவிட முடியும். ஆனால், பக்கத்தில் நிற்கும் மாட்டின் மீது மோதிக்கொள்வார். எழுத்துப் பலகையை மட்டும் வைத்து நடத்தப்படும் கண் பரிசோதனை முகாம்களில் இவர் 'பார்வை நன்றாக உள்ளவர்' என்று திருப்பி அனுப்பப்படும் வாய்ப்பு உண்டு. பார்வைப் புலத்தை அளக்கும் கருவி இருந்தால்தான் உண்மை வெளிப்படும்.

முதுமையில் வரும் மாகுலா சிதைவு இதற்கு நேர்மாறானது. ஓரப் பார்வை இருக்கும். நடுப் பார்வை அழியும். நடக்க முடியும், பேரனின் முகமோ, மாத்திரை அட்டையின் எழுத்தோ தெரியாது.

2017-இல் அமெரிக்கா அனுமதித்த மரபணுச் சிகிச்சை, விழித்திரை நோய்களில் ஒரே ஒரு மரபணுக் குறைபாட்டுக்கு மட்டுமே பொருந்துவது. இரு கண்களுக்கும் அதன் விலை எட்டரை லட்சம் டாலர் என நிர்ணயிக்கப்பட்டது. தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் குடும்பத்துக்கு இன்று கைக்கெட்டக்கூடியது சிகிச்சை அல்ல, மறுவாழ்வே.

அதற்குப் பெரும் செலவு ஆவதில்லை. எஞ்சிய பார்வைக்கு ஏற்ற உருப்பெருக்கிக் கண்ணாடி, கூச்சத்தைத் தடுக்கும் நிறக்கண்ணாடி, வெண்கோல் கொண்டு நடக்கும் பயிற்சி, வெள்ளைச் சோற்றுக்கு அடர்நிறத் தட்டு, படிக்கட்டின் விளிம்பில் மஞ்சள் வண்ணம், திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் செல்லிடப்பேசி ஆகியவை போதும். ஆனால் இவற்றைப் பழக்கித் தர ஆள் வேண்டும். அதுவும் பார்வை முழுவதும் போவதற்கு முன்பே வேண்டும். வெண்கோல் பயிற்சியை, பார்வை ஓரளவு இருக்கும்போதே தொடங்கினால் அச்சம் குறைகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஐ.நா. மாற்றுத் திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007-இல் ஏற்றது. அதன் 26-ஆவது பிரிவு மறுவாழ்வைப் பற்றியது. அதையொட்டி வந்த 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், பார்வைக் கூர்மையை மட்டுமன்றிப் பார்வைப் புலத்தையும் அளவுகோலாக வைக்கிறது. புலம் 40 பாகைக்கும் கீழே குறைந்தால் குறைபார்வை; 10 பாகைக்கும் கீழே போனால் பார்வையின்மை. எழுத்துப் பலகையை முழுதும் படிப்பவரும் சட்டப்படி பார்வையற்றவராக இருக்க முடியும் என்பதே இதன் பொருள்.

சட்டத்தின் 27-ஆவது பிரிவு மறுவாழ்வுப் பணிகளை அரசுகளின் கடமையாக்குகிறது. ஆனால் 'பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு' என்ற வரம்பையும் சேர்த்தே வைத்துள்ளது. 58-ஆவது பிரிவின்படி, வழங்கப்பட்ட சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். எனினும் அதை வழங்க அரசு அறிவித்த மருத்துவ அதிகாரி வேண்டும். தேனியிலோ கோவையிலோ உள்ள தனியார் அல்லது அறக்கட்டளை மருத்துவமனை தந்த நோயறிக்கை சான்றிதழ் ஆகாது.

சான்றிதழ் கிடைத்தாலும் உதவி குறைவு. இந்திரா காந்தி தேசிய மாற்றுத் திறனாளிகள் ஓய்வூதியத்தில் மத்திய அரசின் பங்கு 2012 முதல் மாதம் 300 ரூபாய். அதுவும் 80 சதவீதக் குறைபாடும் வறுமைக்கோட்டுக்குக் கீழான நிலையும் இருந்தால்தான். படிப்படியாகப் பார்வை இழப்பவர், பழகிக்கொள்ள உதவி மிகவும் தேவைப்படும் ஆண்டுகளில் இந்த வரம்புக்கு வெளியே நிற்கிறார்.

மறைக்கப்படும் நோய்

தோட்டப் பகுதிகளில் இதற்கு மற்றொரு முகம் உண்டு. இருள் பிரியாத காலையில் வேலைக்குப் புறப்படுவதும், மூடுபனியில் சரிவான பாதையில் நடப்பதும், யானை நடமாடும் வழியில் அந்தியில் திரும்புவதும் மாலைக்கண் உள்ளவருக்கு உயிர் ஆபத்து. ஆனாலும் நோயை வெளியே சொல்லத் தயக்கம் எழுகிறது. காரணம், லயத்து வீடு வேலையுடன் இணைந்தது. வேலை போனால் வீடும் போகும்.

பணியில் இருக்கும்போது குறைபாடு ஏற்பட்டால் ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு கூறுகிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு அரசு நிறுவனங்களுக்கு மட்டுமே. தனியார் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவருக்கு அது இல்லை. பதிந்துகொண்டால் வாழ்வாதாரம் போகும் என்ற அச்சம் இருக்கும் வரை, எந்த முகாமும் இந்நோயாளிகளை முழுமையாகக் கண்டறியப் போவதில்லை.

மொழியே வழிகாட்டி

பார்வை மங்க மங்க, மனிதன் செவியையும் மொழியையும் கூடுதலாகச் சார்ந்து வாழ வேண்டியுள்ளது. நடைப் பயிற்சியாளரின் சொல், பேசும் செல்லிடப்பேசியின் குரல், பிரெய்ல் எழுத்து என யாவும் மொழி வழியே வருபவை. எனவே எல்லைத் தமிழர்களுக்கு மறுவாழ்வுரிமையும் மொழியுரிமையும் வேறு வேறல்ல. மலையாளம் பேசினால் புரிந்துகொள்ளும் தமிழர்கள் ஏராளம். ஆயினும், ஐம்பது வயதில் புதிதாகப் புள்ளி எழுத்தைத் தடவிக் கற்பவருக்குத் தாய்மொழியே எளிது.

இந்த உரிமைக்குச் சட்ட ஆதாரமும் உண்டு. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், சிறுபான்மை மொழிப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களின் அரசு அலுவலகங்களுடன் தமிழர் தமிழிலேயே கடிதத் தொடர்பு கொள்ளவும், தமிழிலேயே பதில் பெறவும் வழி செய்தது. குறைகளை நாட்டில் வழங்கும் எந்த மொழியிலும் முறையிட அரசியல் சட்டத்தின் 350-ஆவது பிரிவு இடமளிக்கிறது. பார்வைக் குறைபாட்டுக்கான மத்திய தேசிய நிறுவனம் டேராடூனில் உள்ளது; அதன் மண்டல மையம் சென்னையை அடுத்த பூந்தமல்லியில். மறையூர்க்காரருக்கு இரண்டுமே தொலைவுதான்.

இது இரு மாநிலங்கள் சேர்ந்து தீர்க்க வேண்டிய விவகாரம். அதற்கான மேடை ஏற்கெனவே இருக்கிறது. மாநிலங்களைப் பிரித்த அதே 1956-ஆம் ஆண்டின் மறுசீரமைப்புச் சட்டம்தான் மத்திய உள்துறை அமைச்சர் தலைமையிலான தென்மண்டல கவுன்சிலையும் உருவாக்கியது. மொழிச் சிறுபான்மையினர் நலன், அக்கவுன்சில் விவாதிக்கக்கூடிய பொருள்களில் ஒன்று எனச் சட்டமே கூறுகிறது.

அங்கு எழுப்பப்பட வேண்டியவை மூன்று. எல்லை மாவட்டக் கண் மருத்துவமனைகளின் நோயறிக்கையை, சான்றிதழுக்கான முதற்கட்ட ஆவணமாக இரு மாநிலங்களும் ஏற்க வேண்டும். கொழிஞ்சாம்பாறை, மூணாறு போன்ற இடங்களில் தமிழறிந்த மறுவாழ்வுப் பயிற்சியாளர்களை அமர்த்த வேண்டும். பணிக்காலத்தில் பார்வை இழக்கும் தொழிலாளருக்கு மாற்று வேலையும் வீடும் உறுதி செய்யும் வகையில் 20-ஆவது பிரிவைத் தனியார் தோட்டங்களுக்கும் நீட்டிக்க வேண்டும். இவற்றில் முதல் இரண்டுக்கு நாடாளுமன்றத்தில் புதிய சட்டம் தேவையில்லை. சென்னையும் திருவனந்தபுரமும் ஒப்புக்கொண்டாலே போதும்.