பெட்ரோல் கேனும் விறகடுப்பும்: மலைத் தோட்டங்களுக்கான தீப் பாதுகாப்பு விதிகள்

கொடைக்கானல் மேல்மலையில் ஒரு தோட்டத்துக் கொட்டகையைத் திறந்தால் பெரும்பாலும் இவைதான் கண்ணில் படும். பவர் ஸ்பிரேயருக்கும் பிரஷ் கட்டருக்குமான பெட்ரோல் கேன், பக்கத்தில் டூ-டி ஆயில், பவர் டில்லருக்கு டீசல், இ.சி. வகைப் பூச்சிக்கொல்லிப் புட்டிகள், கந்தகத் தூள், சொட்டுநீரில் கலந்துவிடும் 13-0-45 உர மூட்டை, மேலே பரணில் பூண்டு. பல வீடுகளில் இந்தக் கொட்டகைக்கும் சமையலறைக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான். சுவருக்கு அந்தப் பக்கம் நாள் முழுக்க விறகடுப்பு எரியும்.

கொடைக்கானல் நகரத்திலிருந்து மன்னவனூர் சுமார் 35 கிலோமீட்டர். கிளாவரை அதையும் தாண்டி இருக்கிறது. மலைப்பாதையில் தீயணைப்பு வண்டி அங்கே போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பெட்ரோலில் பற்றிய தீ ஓலைக் கொட்டகையைச் சாம்பலாக்க அதில் கால்வாசி நேரம்கூட வேண்டாம். ஆகவே தீ பிடித்த பிறகு என்ன செய்யலாம் என்பதைவிட எதை, எவ்வளவு, எங்கே வைப்பது என்பதில்தான் மலை விவசாயிக்குப் பாதுகாப்பு இருக்கிறது. சட்டமும் அதைத்தான் கேட்கிறது.

30 லிட்டர் கணக்கு

1934-ம் ஆண்டு பெட்ரோலியச் சட்டம் எரிபொருள்களைத் தீப்பற்றும் வெப்பநிலையைப் பொறுத்து வகை பிரிக்கிறது. 23 டிகிரி செல்சியஸுக்குக் கீழேயே பற்றக்கூடிய ஆவி தருவது ‘ஏ’ வகை. பெட்ரோல் இதில் வரும். டீசலும் மண்ணெண்ணெயும் ‘பி’ வகை.

சொந்த உபயோகத்துக்கு மொத்தம் 30 லிட்டர் வரை பெட்ரோல் வைத்துக்கொள்ள உரிமம் தேவையில்லை. ஆனால் அது இறுக மூடிய உலோகப் பாத்திரத்தில் இருக்க வேண்டும். ஒரு பாத்திரம் 25 லிட்டரைத் தாண்டக் கூடாது. கண்ணாடி அல்லது பீங்கான் என்றால் 1 லிட்டர்தான். தண்ணீர்க் கேனுக்கும் குளிர்பான பாட்டிலுக்கும் அந்தப் பிரிவில் இடமே இல்லை. ‘பி’ வகைக்குச் சலுகை அதிகம். ஓரிடத்தில் மொத்தம் 2,500 லிட்டர் வரை, ஒரு பாத்திரத்தில் 1,000 லிட்டருக்கு மேற்படாமல், உரிமமின்றி வைக்கலாம். 200 லிட்டர் டீசல் பேரல் ஒன்று வைத்திருப்பவர் பயப்பட வேண்டியதில்லை.

பெட்ரோல் சலுகை விற்பனைக்குப் பொருந்தாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பங்க் இல்லாத மலைக் கிராமங்களில் பெட்டிக்கடையில் பாட்டில் பெட்ரோல் விற்பது வழக்கமாகிவிட்டது. அவசரத்துக்கு அது உதவுகிறது என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் ஒரு லிட்டர் விற்றாலும் உரிமம் வேண்டும். 30 லிட்டருக்கு மேல் தேவைப்படும் பெரிய தோட்டக்காரர்கள் திண்டுக்கல் மாவட்ட நிர்வாகத்தையும், மத்திய அரசின் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் சென்னை அலுவலகத்தையும் அணுகி உரிமம் பற்றிக் கேட்க வேண்டும். தோட்டத்து வீட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுபவர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. உரிமமின்றி வைக்கக்கூடிய சமையல் எரிவாயு 100 கிலோ; அதாவது 19 கிலோ வணிக சிலிண்டர் ஐந்து.

குளிர் காப்பாற்றாது

‘இந்தக் குளிரில் எங்கே பற்றப் போகிறது’ என்ற நம்பிக்கை மலையில் பரவலாக இருக்கிறது. டீசலுக்கு அதில் ஓரளவு நியாயம் உண்டு. பெட்ரோலோ பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியிலும் பற்றக்கூடிய ஆவியை விடும். மார்கழி உறைபனி அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

உயரம் இன்னொரு சிக்கல். வத்தலக்குண்டில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் பெருமாள்மலை வருவதற்குள் உப்பிப்போவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். சுமார் 7,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்கை ஒட்டித்தான் இருக்கும். கீழே விளிம்பு வரை நிரப்பிய கேனும் அப்படித்தான் உப்பும்; மேலே வந்து மூடியைத் திறந்ததும் ஆவி சீறும். எனவே கேனில் கொஞ்சம் வெற்றிடம் விட்டே நிரப்ப வேண்டும். வீட்டுக்கு வெளியே, அடுப்பும் பீடியும் இல்லாத இடத்தில் மெல்லத் திறக்க வேண்டும். பேருந்தில் ஏற்றி வருவது கூடவே கூடாது.

பெட்ரோல் ஆவியும் சமையல் எரிவாயுவும் காற்றைவிடக் கனமானவை. கசிந்தால் தரையோடு தரையாகச் சரிவில் கீழே இறங்கும். படிக்கட்டு நிலத்தில் மேல் அடுக்கில் கொட்டகையும் கீழ் அடுக்கில் வீடும் இருந்தால், மேலே கசிந்த ஆவி கீழே அடுப்பைத் தேடி வரும். எரிபொருளை வீட்டுக்குப் பள்ளத்துப் பக்கம், தள்ளி, தனியாக வைப்பதுதான் சரி. சமவெளியில் எழுதப்பட்ட கையேடுகளில் இந்த விஷயம் அதிகம் வருவதில்லை.

உரமும் மருந்தும்

13-0-45 என்பது பொட்டாசியம் நைட்ரேட். பழைய பெயர் வெடியுப்பு. அது தானாக எரியாது. பக்கத்தில் எரிவதற்கு ஆக்சிஜனை அள்ளிக் கொடுக்கும். கந்தகமோ தானே எரியக்கூடியது. இரண்டையும் அருகருகே அடுக்குவதும், உர மூட்டை மேல் டீசல் சிந்த விடுவதும் பெரும் ஆபத்து. 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகத்தை உலுக்கிய அம்மோனியம் நைட்ரேட்டும் நைட்ரேட் குடும்பம்தான். அங்கே இருந்தது சுமார் 2,750 டன். தோட்டத்தில் இருப்பது சில மூட்டைகள். அளவு வேறு என்றாலும் ஆக்சிஜன் தரும் குணம் இரண்டுக்கும் உண்டு.

அணைக்கும் முறையிலும் சிக்கல் வருகிறது. பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் எண்ணெய் மிதந்து தீ பரவும். மணலோ உலர் தூள் தீயணைப்பானோ வேண்டும். நைட்ரேட் உரம் தீயில் சிக்கினால் மணலும் தூளும் பயன்படாது. ஆக்சிஜனை அதுவே தருவதால் தள்ளி நின்று நிறையத் தண்ணீர் அடிக்க வேண்டும். இரண்டும் ஒரே மூலையில் இருந்தால் எதைக் கொண்டு அணைப்பது?

இ.சி. மருந்துகளில் எரியக்கூடிய கரைப்பான் கலந்திருக்கும். 1971-ம் ஆண்டு பூச்சிக்கொல்லி விதிகள் கிடங்குகளுக்கு விதித்திருக்கும் முறை தோட்டத்துக்கும் ஏற்றதே. மற்றப் பொருள்களிலிருந்து பிரித்துத் தனி அறையில் அல்லது பூட்டிய அலமாரியில் வைக்க வேண்டும். அறை உலர்ந்து, வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ளதாக இருக்க வேண்டும். கொட்டகை கட்ட வசதி இல்லாதவர்கள் எரிபொருளுக்கு ஒன்றும் மருந்துக்கு ஒன்றுமாக இரண்டு பழைய இரும்பு அலமாரிகளை வாங்கிப் போட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

காட்டு ஓரத்தில்

2024 ஏப்ரல் கடைசியில் பூம்பாறை, மன்னவனூர் பகுதிக் காடுகளில் பற்றிய தீ பல நாள் எரிந்தது. மேல்மலைச் சாலையில் போக்குவரத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று. இந்தக் காடுகளில் பெரும்பகுதி 2013-ல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயத்தில் சேர்ந்தது. சரணாலயத்துக்கு ஆபத்து வரும்படி தீ மூட்டுவதும், மூட்டிய தீயை அப்படியே விட்டுப் போவதும் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 30-வது பிரிவுப்படி குற்றம். வரப்பில் போட்ட சருகுத் தீ காட்டுக்குள் போனால், பட்டா நிலத்தில்தானே மூட்டினேன் என்ற பதில் எடுபடாது.

தீ எதிர்த்திசையிலும் வரும். தை பிறந்ததும் கொட்டகையைச் சுற்றிக் கிடக்கும் பைன் ஊசிச் சருகு, சீகை மரச் சுள்ளி, தைல மர இலை எல்லாவற்றையும் வாரிச் சுத்தம் செய்து, மண் தெரியும் அளவுக்கு வெறுந்தரை விட வேண்டும். சூடான ஸ்பிரேயர் எஞ்சினில் பெட்ரோல் ஊற்றக் கூடாது. பத்து நிமிடம் ஆறவிட்டு, சருகு இல்லாத தரையில் வைத்து ஊற்றலாம்.

கொட்டகை வாசலுக்கு வெளியே இரண்டு வாளி மணலும் ஓர் உலர் தூள் தீயணைப்பானும் வேண்டும். உள்ளே மாட்டினால் தீ பிடித்தபோது எடுக்க முடியாது. தீயணைப்பானின் முள் பச்சைக் கோட்டில் நிற்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். அவசர எண் 112 அல்லது 101. தீயணைப்பு நிலையத்தின் நேரடி எண்ணையும் கதவில் பெயிண்டால் எழுதி வைப்பது நல்லது. அழைக்கும்போது எந்த வளைவில் திரும்ப வேண்டும், பெரிய வண்டி தோட்டம் வரை வருமா, உள்ளே என்னென்ன இருக்கிறது ஆகிய மூன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.