"ஜிபே பண்ணும்மா!" - உண்டியல் தெரியாத பிள்ளைகளுக்குச் சேமிப்பைச் சொல்லித்தருவது எப்படி?

"காசு இல்லடா கண்ணா" என்றால், "ஜிபே பண்ணும்மா" என்று பதில் வருகிறதா? பிள்ளைகள் மேல் தப்பில்லை. 2016-ல் யுபிஐ வந்த பிறகு பிறந்தவர்கள், அப்பா பர்ஸைத் திறந்து நோட்டை எண்ணிக் கொடுப்பதை அதிகம் பார்த்ததில்லை. போனைக் காட்டினால் ஐஸ்க்ரீம் வருகிறது. போன் அப்படியேதான் இருக்கிறது. பணம் குறைவது கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

மண் உண்டியலில் இந்தச் சிக்கல் கிடையாது. கையில் தூக்கிக் குலுக்கினாலே எவ்வளவு சேர்ந்திருக்குன்னு தெரிஞ்சிடும். அந்த வேலையை இப்போது நாம்தான் செய்ய வேண்டும். கடையில் பணம் அனுப்பும் முன்பும், அனுப்பிய பிறகும் பேலன்ஸைக் காட்டுங்கள் (பின் நம்பரை மட்டும் காட்டிடாதீங்க!). கழித்தல் கணக்கை அவர்களே போடட்டும். பாக்கெட் மணி வாரம் 50 ரூபாய் என்றால், ஐந்து பத்து ரூபாய் காசுகளாகவே கொடுங்கள். செவ்வாய்க்கிழமையே தீர்ந்துபோனால் தீர்ந்ததுதான். 'பாவம், குழந்தை' என்று இன்னொரு பத்து ரூபாயை நீட்டினால், மொத்தப் பாடமும் அம்பேல்!

பத்து வயது தாண்டிவிட்டால், தபால் நிலையத்தில் பிள்ளைகள் தங்கள் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கி, தாங்களே இயக்கலாம். ஆரம்பிக்க 500 ரூபாய் போதும். தாத்தாவும் அத்தையும் தரும் தீபாவளிக் காசு அதற்குப் போகட்டும். எதற்காகச் சேர்ப்பது, சைக்கிளா, கிரிக்கெட் பேட்டா என்பதைப் பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும். சேர்ந்ததும் 'ஸ்கூல் ஃபீஸுக்கு ஆகுமே' என்று நாம் கைவைக்கக் கூடாது. பாஸ்புக்கில் என்ட்ரி போட, வரிசையில் அவர்களையே நிற்கச் சொல்லுங்கள்.